இரட்டைக் கரு, முன்கூட்டிய வலி: மருந்து வாங்கித் தரும் இரண்டு நாள்

"ஏழாம் மாசத்தில் பிறந்தால் தங்கும், எட்டாம் மாசத்தில் பிறந்தால் தங்காது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டுத்தான் வளர்ந்தேன். சுத்தமாகத் தவறு. எட்டாம் மாசக் குழந்தைக்கு எடை கூடுதல், நுரையீரல் முதிர்ச்சி கூடுதல், பிழைக்கிற வாய்ப்பும் கூடுதல். வயிற்றுக்குள் கழிகிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வரவுதான்.

அப்படியானால், சீக்கிரமே வலி வந்துவிட்டால் மருந்து கொடுத்து எப்படியாவது நிறுத்திவிட வேண்டியதுதானே? இரட்டைக் குழந்தை சுமக்கிற பெண்ணின் வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான். பதில் அவ்வளவு நேராக இல்லை. வலியை அடக்குகிற மருந்துகள் இருக்கின்றன. அவற்றால் வாங்க முடிவது பெரும்பாலும் இரண்டு நாள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வாரம். அந்த இரண்டு நாளுக்கான விலையை அம்மாவின் உடம்பு கொடுக்கிறது, இரட்டைக் கருவில் அந்த விலை இன்னும் கூடுகிறது. அதனால் மருத்துவர் மனத்தில் ஓடுகிற முதல் கேள்வி, கிடைக்கிற இரண்டு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பது.

இரட்டைக்கு ஏன் அவசரம்

கர்ப்பம் 40 வாரக் கணக்கு. 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதப் பிரசவம். உலக அளவில் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. இரட்டையரை மட்டும் எடுத்தால் பாதிக்கும் மேல். ஆகவே 36 வாரத்தில் இரட்டையர் பிறப்பது பிரசவ அறையில் அன்றாடச் செய்தி, யாரும் பதறுவதில்லை. கவலை 34 வாரத்துக்கு முன்னால். பெருங்கவலை 32-க்கு முன்னால்.

கர்ப்பப்பை ஒரு தசைப் பை. இரண்டு குழந்தை, இரண்டுக்கும் பனிக்குட நீர், நஞ்சு (நஞ்சுக்கொடி) என்று எல்லாம் சேரும்போது, எட்டாம் மாசத்திலேயே அது ஒற்றைக் குழந்தையின் நிறைமாத வயிற்றளவுக்கு வந்துவிடும். இழுத்து விரிக்கப்பட்ட தசை இறுகத் தொடங்கும். காரணம் இது மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர்த் தொற்று, பனிக்குடத்தில் தொற்று, கர்ப்பப்பை வாய் சுருங்கிக் குட்டையாவது, நஞ்சு முன்கூட்டியே பிரிவது எல்லாம் உண்டு. ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையர் என்றால் இன்னொன்றும் உண்டு: ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் போய், ஒரு பையில் நீர் மளமளவென்று பெருகி, அதனாலேயே வலி வரலாம். ஸ்கேன் பார்க்காமல் வலிக்கு மட்டும் மருந்து ஏற்றினால் அந்தப் பெண்ணின் உண்மையான பிரச்சினை கண்ணில் படாமலே போகும்.

வலியா, சூட்டு வலியா

நம் ஊரில் இடைமாதத்தில் வயிறு இறுகினால் "சூட்டு வலி" என்று சொல்லி, சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார்கள். சீரகத்தோடு எனக்குப் பகையில்லை. இரட்டையர் இருக்கும் வயிறென்றால், விடியட்டும் என்று காத்திருப்பதில்தான் பகை. மணிக்கு நாலைந்து முறை சீராக இறுகுவது, இடுப்பு வலி விட்டுவிட்டு வருவது, அடிவயிறு கீழே தள்ளுவது போன்ற உணர்வு, சளி போன்ற கசிவோ ரத்தமோ நீரோ படுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான்.

மருத்துவமனையில் முதல் வேலை, இது மெய்யான பிரசவ வலியா என்று பார்ப்பது. கர்ப்பப்பை வாயின் நீளத்தை உள்வழி ஸ்கேனில் அளப்பார்கள். 25 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் எச்சரிக்கை. நல்ல நீளத்தோடு மூடியிருந்தால் உடனடி ஆபத்து குறைவு. சில இடங்களில் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்துக்கான சோதனையும் உண்டு. அது "இல்லை" என்று வந்தால் ஓரளவு நிம்மதியாக மூச்சு விடலாம். "இருக்கிறது" என்று வந்தால் அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் உறுதி சொல்ல முடியாது.

பொதுவாகக் குறைமாத வலி என்று கண்டறியப்பட்ட பெண்களில் அடுத்த ஏழு நாளில் உண்மையில் பிரசவிப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சுமார் 30 விழுக்காட்டினருக்கு வலி தானாகவே அடங்கிவிடுகிறது. இரட்டையருக்கு ஆபத்து இதைவிடக் கூடுதல் என்றாலும், தானாக அடங்குவது அங்கேயும் நடக்கிறது. "மருந்து போட்டாங்க, வலி நின்னுடுச்சு" என்று உறவினர் ஒருவர் சொன்னால், மருந்து போடாமலும் நின்றிருக்கும் வாய்ப்பு கணிசமாக உண்டு. இந்தக் குழப்பத்தால்தான் பல மருந்துகள் நெடுங்காலம் நல்ல பேரோடு உலா வந்தன.

அந்த 48 மணி நேரம் எதற்கு

கதை நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தொடங்குகிறது. கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியை எது தொடங்கிவைக்கிறது என்று ஆட்டுக்குட்டிகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றுக்குள் இருக்கும் குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்தினார். வலி வந்தது, குட்டிகள் பிறந்தன. அந்த வயதில் பிறந்தால் மூச்சே விட முடியாமல் இறந்திருக்க வேண்டிய குட்டி ஒன்று உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ரோஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 282 தாய்மாரிடம் அதைச் சோதித்து 1972-இல் வெளியிட்டார். ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் நோய் குறைந்தது, இறப்பும் குறைந்தது. உலகம் இதை முழுமனதோடு ஏற்கக் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ஆயின என்பது மருத்துவ வரலாற்றின் வருத்தமான பக்கங்களில் ஒன்று.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? புதிய பாலித்தீன் பையின் வாய் ஒட்டிக்கொண்டு, கடைக்காரர் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் அறைகள் அப்படித்தான், ஒவ்வொரு முறை மூச்சு விட்ட பிறகும் ஒட்டிக்கொள்ளும். அவை ஒட்டாமல் காக்கும் வழுவழுப்பான பொருள் ஒன்று நிறைமாதத்தை நெருங்கும்போதுதான் போதுமான அளவு சுரக்கும். தாய்க்குப் போடும் ஊசி அந்தச் சுரப்பை முன்கூட்டியே முடுக்கிவிடுகிறது. ஊசியை நம் ஊரில் "நுரையீரல் ஊசி" என்கிறார்கள், சரியான பெயர்தான். பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் 12 மில்லிகிராம் இரண்டு ஊசி. டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணிக்கு ஒருமுறை 6 மில்லிகிராம் வீதம் நான்கு. இரட்டை என்பதற்காக அளவு கூடாது. முழுப் பலன் ஒரு நாளுக்குப் பிறகு தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரம் வரை. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில் குழந்தை இறப்பு குறைவது அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டு 2020-இல் முடிவு வெளியானது.

48 மணி நேரத்தின் முதல் பயன் இந்த ஊசி. இரண்டாவது, குழந்தைகளை வயிற்றுக்குள் வைத்தே சரியான இடத்துக்குக் கொண்டுபோவது. ஒரே நேரத்தில் இரண்டு குறைமாதக் குழந்தைகளுக்கு இன்குபேட்டரும் மூச்சுக் கருவியும் காலியாக இருக்கும் மருத்துவமனை எல்லா ஊரிலும் இல்லை. பிறந்த பிறகு 108 வண்டியில் இரண்டு சிசுக்களை ஏற்றிச் செல்வதைவிட, தாயின் வயிறே பாதுகாப்பான ஆம்புலன்ஸ். மூன்றாவது, 32 வாரத்துக்கு முன் என்றால் குழந்தையின் மூளையைக் காக்க மக்னீசியம் சல்பேட் ஏற்றுவது. மக்னீசியத்தை முன்பு வலியை நிறுத்தவே கொடுத்தார்கள். அந்த வேலையில் அது தேறவில்லை. பெருமூளை வாதம் வரும் வாய்ப்பைக் குறைப்பதில் தேறியது.

இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்கப்போவதில்லை என்றால், ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று, சரியான மருத்துவமனையில்தான் இருக்கிறோம் என்றால், வலி நிறுத்தும் மருந்துக்கு அங்கே வேலை மிகக் குறைவு.

மருந்துகள்

1960-களில் குறைமாத வலிக்குச் சாராயம் ஏற்றினார்கள். நிஜமாகவே எத்தனால், நரம்பு வழியாக. தாய்மார் போதையில் வாந்தி எடுத்தபடி கிடந்தார்கள். பிறகு அது கைவிடப்பட்டது. இப்போது புழங்குகிற மருந்துகளைப் பற்றிப் படிக்கும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. எல்லாமே ஒரு காலத்தில் நம்பிக்கையோடு கொடுக்கப்பட்டவைதான்.

அடுத்து வந்தது பீட்டா வகை (நுரையீரல் ஊசியான பீட்டாமெத்தசோன் இதில் சேராது, அது ஸ்டீராய்டு). ரிட்டோட்ரின், டெர்பியூட்டலின், நம் நாட்டில் நன்கு பழகிய ஐசாக்ஸுப்ரின் எல்லாம் இந்தக் குடும்பம். டெர்பியூட்டலின் அடிப்படையில் ஆஸ்துமா மருந்து. இவை கர்ப்பப்பைத் தசையைத் தளர்த்தும், கூடவே இதயத்தைப் படபடவென்று ஓடவிடும், சர்க்கரையை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். ரிட்டோட்ரினுக்கு அமெரிக்கா 1980-இல் அனுமதி கொடுத்தது. 1992-இல் கனடா ஆய்வாளர்கள் 708 பெண்களிடம் சோதித்ததில் குழந்தை இறப்பு குறையவில்லை. பின்னர் அமெரிக்கச் சந்தையிலிருந்தே மருந்து போய்விட்டது. 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், டெர்பியூட்டலின் ஊசியை 48 முதல் 72 மணி நேரத்துக்கு மேல் தொடரக் கூடாது, மாத்திரையாக இதற்குக் கொடுக்கவே கூடாது என்று மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டது, தாய்மார் இறந்திருந்தார்கள். 2013-இல் ஐரோப்பாவும் இந்த வகை மாத்திரைகளைப் பிரசவ வலிக்குத் தடுத்தது. இவ்வளவுக்குப் பிறகும் சில ஊர்களில் ஐசாக்ஸுப்ரின் மாத்திரை வாரக்கணக்கில் எழுதிக் கொடுக்கப்படுகிறது. இரட்டை கர்ப்பத்தில் அது ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நிஃபெடிபின் ரத்த அழுத்த மாத்திரை. மலிவு, விழுங்குவது எளிது. தலைவலி, முகம் சிவந்து சூடேறுவது, அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவது இதன் தொல்லைகள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் நிபந்தனைகளோடு பரிந்துரைத்தது இதைத்தான். பீட்டா வகை வேண்டாம் என்றது. நிஃபெடிபினும் மக்னீசியமும் ஒரே நேரத்தில் ஓடினால் அழுத்தம் சரியலாம் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

அட்டோசிபன், வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசினின் வழியை அடைக்கிறது. தாய்க்குத் தொல்லை மிகக் குறைவு, விலைதான் அதிகம். ஐரோப்பாவில் உண்டு, அமெரிக்காவில் அனுமதியே கிடைக்கவில்லை. இதையும் நிஃபெடிபினையும் எதிரெதிரே வைத்து நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளின் நிலையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2025-இல் வெளியான அடுத்த ஆய்வு, 30 முதல் 34 வாரத்துக்குள் அட்டோசிபனை மருந்தே இல்லாத போலி மருந்தோடு ஒப்பிட்டது. குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் நன்மை கிடைத்ததாகக் காணோம். வலி தள்ளிப்போவதும் குழந்தை நலம்பெறுவதும் ஒன்றல்ல என்று எத்தனை முறைதான் ஆய்வுகள் சொல்லும்!

இண்டோமெத்தசின் வலி நிவாரணி வகை. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயத்தருகே ஒரு ரத்தக் குழாய் திறந்தே இருக்க வேண்டும். இந்த மருந்து அதை மூடிவிடக்கூடும். பனிக்குட நீரையும் குறைக்கும். அதனால் 32 வாரத்துக்கு முன், 48 மணி நேரத்துக்குள் என்று எல்லை கட்டியிருக்கிறார்கள். ஒரே நஞ்சு இரட்டையரில் ஒரு குழந்தைக்கு ஏற்கெனவே நீர் குறைந்திருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். இது இரண்டு குழந்தைக்கும் ஒரே மருந்து. ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவைக்க வழியில்லை.

தராசில் அம்மா

ஒற்றைக் குழந்தை கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 விழுக்காடு பெருகும். இரட்டையில் அதற்கும் மேல். இதயம் ஒற்றைக் கர்ப்பத்தைவிட இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இறைக்கிறது. ரத்தம் நீர்த்திருப்பதால் அதிலுள்ள புரதத்தின் செறிவு குறைந்து, குழாய்க்குள் நீரைப் பிடித்துவைக்கும் சக்தியும் குறைகிறது. அதாவது இரட்டைச் சுமையுள்ள பெண் ஏற்கெனவே கரை ததும்பும் ஏரி. இந்த நிலையில் இதயத்தை விரட்டும் மருந்து, கூடவே ஸ்டீராய்டு, "வலி அடங்கட்டும்" என்று பாட்டில் பாட்டிலாக டிரிப் எல்லாம் சேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வலி நிறுத்தும் மருந்தால் நுரையீரலில் நீர் சேர்வதற்கான ஆபத்துக் காரணிகளில் இரட்டைக் கர்ப்பம் முன்வரிசையில் இருக்கிறது. பீட்டா வகையில் இது மோசம். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்த்துக் கொடுத்தாலும் மோசம்.

இதில் ஒரு பொறி உண்டு. இரட்டை வயிறு பெரிது, உதரவிதானத்தை மேலே தள்ளும், மூச்சு வாங்கும். வீட்டாரும் சொல்வார்கள், அவளே சொல்வாள்: "ரெட்டைப் புள்ள, மூச்சு வாங்கத்தான் செய்யும்." அதனாலேயே மெய்யான ஆபத்து கண்ணில் படாமல் நழுவும். மருந்து ஏறும்போது புதிதாக இருமல் வந்தாலோ, மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் எண்ணையும், உள்ளே போன நீர், வெளியேறிய சிறுநீர் அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டாம். மக்னீசியம் ஓடும்போது முழங்காலில் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும் சடங்கல்ல. மருந்து மிகையானால் முதலில் அந்தத் துள்ளல்தான் மறையும், அடுத்தது மூச்சு. கால்சியம் குளுக்கோனேட் ஊசி அதற்கு மாற்று மருந்து, கட்டில் பக்கத்திலேயே இருக்கும்.

ஸ்டீராய்டும் சர்க்கரையைச் சில நாள் ஏற்றும். கர்ப்ப கால சர்க்கரை இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 34 வாரத்துக்கு முன் ஸ்டீராய்டின் பக்கம்தான் தராசு தெளிவாகச் சாய்கிறது. வலி நிறுத்தும் மருந்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மூட்டையாகப் பார்ப்பதுதான் பல குடும்பங்கள் செய்யும் பிழை. ஒன்றுக்குச் சம்மதித்து மற்றதற்குக் கேள்வி கேட்கலாம்.

நிறுத்தவே கூடாத வலி

காய்ச்சலோடு துர்நாற்ற நீர் வடிந்தால் பனிக்குடத்தில் தொற்று. ரத்தப்போக்கோடு வயிறு கல்லாக இறுகினால் நஞ்சு பிரிந்துகொண்டிருக்கலாம். ரத்த அழுத்தம் எகிறிப் பார்வை மங்கினாலோ, குழந்தையின் இதயத் துடிப்பு தடுமாறினாலோ, அப்போது வயிறு பாதுகாப்பான இடமில்லை. வலியை அடக்குவது ஆபத்தை மூடிவைப்பது.

மற்றபடி, 27 வாரம், கர்ப்பப்பை வாய் 15 மில்லிமீட்டர், தொற்று இல்லை, தாயின் இதயத்தில் குறையில்லை என்றால் பெரும்பாலான மருத்துவர்கள் ஒரே ஒரு மருந்தைத் தேர்ந்து 48 மணி நேரம் கொடுத்து, ஊசி போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அது நியாயமான பேரம். 31 வாரம், இறுக்கம் உண்டு, ஆனால் வாய் 35 மில்லிமீட்டர் நீளத்தில் மூடியிருக்கிறது என்றால் மருந்தில்லாமல் கவனித்துக்கொண்டிருப்பதே போதும். மருந்து தரவில்லையே என்று மருத்துவரோடு சண்டை போட வேண்டாம். 34 வாரம் தாண்டிவிட்டால் பொதுவாக மருந்தே கிடையாது. இரட்டையர் அப்போது சிறியதாக இருப்பார்கள், சில நாள் இன்குபேட்டரில் இருக்கலாம். அதற்காக அம்மாவின் நுரையீரலைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் கட்டாது.

வலி வரும் முன்பே தடுக்க மாத்திரை உண்டா என்பார்கள். எந்த வலியும் இல்லாத இரட்டைக் கர்ப்பிணிக்கு முன்னெச்சரிக்கையாக இந்த மருந்துகளைக் கொடுப்பதால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. வாரா வாரம் போடும் புரோஜெஸ்டிரோன் வகை ஊசி ஒன்று இரட்டையருக்கு உதவவில்லை என்று 2007-இலேயே ஆய்வில் தெரிந்தது. ஒற்றைக் கர்ப்பத்துக்கான அதன் அனுமதியையும் அமெரிக்கா 2023-இல் திரும்பப் பெற்றது. மாசக்கணக்கில் கட்டிலோடு கிடப்பதும் உதவாது. காலில் ரத்தம் உறையும் ஆபத்தை மட்டும் கூட்டும்.

வீட்டுக்கு அனுப்பினால்

இரண்டு நாளில் வலி அடங்கி, வாய் மேலும் திறக்காமல் இருந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். தொடர்ந்து விழுங்க மாத்திரை கொடுத்தால் எதற்கு, எத்தனை நாள் என்று கேளுங்கள். 48 மணி நேரத்துக்குப் பிறகு தொடர்வதால் பிரசவம் தள்ளிப்போகிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் நீங்களாக வாங்குவது வேண்டவே வேண்டாம்.

கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சீட்டைப் பிரித்துப் பாருங்கள். ஒரே நஞ்சா, இரண்டு நஞ்சா என்பது அதில் இருக்க வேண்டும். நுரையீரல் ஊசி எந்த மருந்து, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை போட்டார்கள் என்பதும் இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து நள்ளிரவில் திரும்ப வலி வந்து, அறிமுகமே இல்லாத மருத்துவமனைக்குள் நுழைந்தால், 34 வாரம் ஆகவில்லை என்றால், இன்னொரு சுற்று ஊசி போடலாமா என்று முடிவெடுக்க அவர்கள் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.